பிரியா ஒளியிணை

உலகப் பொருள்களுள் ஒளியைப் போல எளிதாய்க் கிடைப்பதும் இல்லை. அதனைப் போல இயல்பறிதற்கு அரியதும் இல்லை. கண் திறந்த அளவில் ஒளி புலனாகின்றது. ஆயினும், அஃது அலையா, துகளா என்னும் வினாவிற்கு விடை காண அறிஞர் பல நூற்றாண்டுகள் உழைத்தனர். ஒளி அலையாய்ப் பரவுகின்றது. பொருளினின்றும் பிறக்குங்காலும் பொருளிற் புகுங்காலும் எண்ணத்தக்க துகளாய்த் தோன்றுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. இத்துகளை ஃபோட்டான் என்பர். தமிழில் ஒளித்துகள் எனலாம். ஒரு சிறு மெழுகுவத்தியும் நொடிதோறும் எண்ணிறந்த ஒளித்துகள்களைச் சொரிகின்றது. அவை ஒன்றையொன்று சாராது தனித்தனியே செல்வன. ஆனால், இரண்டிரண்டாய்ப் பிறந்து, எத்துணைத் தொலைவு பிரிந்தாலும் உறவு நீங்காத ஒளித்துகள்களும் உண்டு. கட்புலனாகும் ஒளியில் அவ்விணைகளைப் பற்றிய ஆராய்ச்சி அணுக்களின் ஆவியில் தொடங்கிற்று. பின்னர்ப் படிகங்களை நாடிற்று. மீண்டும் ஆவிக்கே திரும்பிற்று. அவ்வரலாறு அறியத்தக்கது.

பழந்தமிழ்ப் புலவர் அன்றில் என்னும் பறவையைப் பலவிடத்தும் பாடியுள்ளனர். ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழும். ஒன்றை நீங்கின் மற்றொன்று வாழாது என்பது அவர் கூற்று. ஒளியிணைக்கு அன்றிலை உவமை கூறலாம்; ஆயின், உவமை முழுதும் பொருந்தாது. அன்றில் அருகிருந்து வாழும். ஒளித்துகள்களோ வேறு வேறு திசைகளில் விரைந்து பிரியும். பிரிந்தும் பிரியாமையே அவற்றின் வியப்பு.

ஒளியலையின் அதிர்வு ஒரு குறித்த தளத்தில் அமைதலைத் தளவிளைவு என்பர். தளவிளைவி என்னும் கருவி, நெடுக்காகக் கம்பியிட்ட சாளரம் போன்றது. தன் திசைக்கு ஒத்த அதிர்வுடைய ஒளியைச் செல்லவிடும். குறுக்கான அதிர்வுடையதைத் தடுக்கும். ஓர் இணையின் இரு துகள்களையும் இரு தளவிளைவிகளில் தனித்தனியே செலுத்தினால், ஒரு துகள் செல்லுமா, தடைப்படுமா என்று முன்கூட்டிக் கூறல் எவராலும் இயலாது. பலமுறை சோதித்தால் பாதி செல்லும், பாதி தடைப்படும். ஆனால், இரு கருவிகளும் ஒரே திசையில் அமைந்திருப்பின், ஒரு துகள் சென்றால் அதன் துணையும் செல்லும்; ஒன்று தடைப்பட்டால் மற்றொன்றும் தடைப்படும். கருவிகள் இரண்டையும் வேறொரு திசைக்கு ஒருங்கே மாற்றினும் இவ்வொற்றுமை குறைவதில்லை. இவ்வுறவையே பின்னல் என்பர். இதனைக் கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்பலாம் எனக் கருதுதல் பிழை. ஒவ்வொரு பக்கத்திலும் கிடைப்பது ஒழுங்கற்ற வரிசையே. இரு பக்கத்துக் குறிப்பேடுகளையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்ட பின்னரே ஒற்றுமை புலனாகும்.

இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது? 1935ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், பொடால்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் இதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். தொலைவிலுள்ள இரு துகள்கள் ஒத்து நடக்குமாயின், அந்நடத்தை முன்னரே உறுதி செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வுறுதியை எடுத்துரைக்காத குவாண்டம் கொள்கை நிறைவுடையதன்று என்பது அவர்தம் வாதத்தின் சாரம். உலக வழக்கிற் கூறுவதாயின், ஒவ்வொரு துகளுக்கும் பிறக்கும்போதே ஒரு தலையெழுத்து உண்டு. அதனைக் கொள்கை படித்துக் காட்டவில்லை என்றனர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் நீல்ஸ் போர் இதனை மறுத்தார். எவ்வாறு அளப்பது என்பதை நீக்கிவிட்டுத் துகளின் நிலையைத் தனியே பேசுதல் பொருந்தாது என்பது அவர் கட்சி. அவ்வாண்டிலேயே எர்வின் சுரோடிங்கர் இவ்வுறவுக்குப் பின்னல் எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

அளவை நூலார், அறிவு பெறும் வழிகளுள் காட்சியையும் கருதலையும் தலையாயவையாகக் கொள்வர். மேற்கூறிய வழக்கு நெடுங்காலம் கருதல் அளவையிலேயே நின்றது. இரு திறத்தாரும் நுண்ணிதின் வாதித்தனர். ஆயினும், எக்கட்சி மெய் என்பதைக் கண்ணாற் கண்டு தெளிய வழியில்லை. ஐன்ஸ்டைன் 1955ஆம் ஆண்டிலும், போர் 1962ஆம் ஆண்டிலும் மறைந்தனர். 1964ஆம் ஆண்டில், பெல்பாஸ்டு நகரிற் பிறந்த ஜான் பெல் என்பார் அவ்வழியைக் கண்டார். துகள்களுக்குத் தலையெழுத்து இருக்குமாயின், ஓரிடத்துச் செயல் ஒளியினும் விரைந்து மற்றோரிடத்தை எட்டாதாயின், தளவிளைவிகளைப் பல கோணங்களில் அமைத்துக் காணும் ஒற்றுமை ஒரு வரம்பிற்குள் அடங்குதல் வேண்டும். குவாண்டம் கொள்கை மெய்யாயின், அவ்வரம்பு மீறப்படும். 1969ஆம் ஆண்டில் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் என்னும் நால்வர் இதனைச் சோதனைக்கு ஏற்ற வடிவில் அமைத்தனர். இன்று வழங்கும் முறையில், தலையெழுத்துக் கட்சிக்கு உரிய உச்ச அளவு 2. குவாண்டம் கொள்கைக்கு உரிய உச்ச அளவு ஏறத்தாழ 2.83. இனி வேண்டுவது ஒரு சோதனையே.

அச்சோதனைக்கு உரிய ஒளியிணையை அணுக்களின் ஆவி அளித்தது. 1967ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், கோச்சர், காமின்ஸ் என்னும் இருவர் கால்சியத்தை உலையிற் காய்ச்சி ஆவியாக்கி, வெற்றிடத்தில் மெல்லிய கற்றையாகச் செலுத்தினர். அக்கற்றையின்மேல் விளக்கொளி பட்டவுடன் கால்சிய அணுக்கள் கிளர்ச்சியுற்றன. கிளர்ச்சியுற்ற அணு, மலையருவி இரு படிகளில் வீழ்வதுபோல, இரு படிகளில் தன் பழைய நிலைக்கு இறங்கும். முதற்படியில் பச்சை நிறத் துகள் ஒன்றும், அடுத்த படியில் ஊதா நிறத் துகள் ஒன்றும் பிறக்கும். ஒரே அணுவின் வயிற்றிற் பிறந்த இவ்விரண்டும் பின்னிய துகள்கள் ஆகும்.

பெல்லின் கட்டுரையைப் படித்த ஜான் கிளாசர் அப்பொழுது இளைஞர். தீர்ந்துபோன வழக்கை மீண்டும் கிளறுதல் காலக்கேடு என்றும், அவருடைய வாழ்க்கைத் தொழிலுக்கு இடையூறு என்றும் மூத்தோர் பலர் எச்சரித்தனர். அவர் பின்வாங்கவில்லை. காமின்ஸின் இசைவோடு பெர்க்கிலியில் முன்னிருந்த கருவிகளைப் பயன்படுத்தி, மாணவர் ஸ்டூவர்ட் பிரீட்மனும் அவரும் புதிய சோதனையை அமைத்தனர். மெல்லிய கண்ணாடித் தகடுகள் பத்தினைச் சாய்வாக அடுக்கித் தளவிளைவியாக்கினர். ஏறத்தாழ 200 மணி நேரம் இணைகளை எண்ணினர். 1972ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று: வரம்பு மீறப்பட்டது, தலையெழுத்துக் கட்சி தோற்றது. இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கிளாசர் ஐன்ஸ்டைன் பக்கமே வெல்லும் என எதிர்பார்த்தவர். குவாண்டம் கொள்கையின் குறையைக் காட்டவே சோதனையில் இறங்கியவர். தாம் விரும்பியதற்கு மாறான முடிவு கிடைத்தபோது, அதனை மறையாது உலகிற்கு அறிவித்தார். இடையே ஹார்வர்டில் பாதரச ஆவியைக் கொண்டு செய்த சோதனை மாறான விடையைத் தந்தது. கிளாசர் 1976ஆம் ஆண்டில் பாதரசத்தைக் கொண்டே மீண்டும் அளந்து, முன்னைய முடிவையே உறுதி செய்தார். அவ்வாண்டிலேயே டெக்சாசில் ஃபிரை, தாம்சன் என்பார் லேசர் ஒளியால் பாதரச அணுக்களைக் கிளர்வித்து, அதே முடிவை 80 நிமிடங்களில் பெற்றனர்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகரை அடுத்த ஓர்சேயில், அலேன் ஆஸ்பேயும் அவர்தம் துணைவரும் 1982ஆம் ஆண்டில் கால்சிய ஆவியையே கொண்டு இன்னும் நுட்பமாகச் சோதித்தனர். ஒரு சோதனையில் 2.697 என்னும் அளவு கிடைத்தது. மற்றொன்றில், 12 மீட்டர் இடைவெளியில் இருந்த கருவிகளின் திசைத் தெரிவு, துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டது. அவ்விடைவெளியைக் கடக்க ஒளிக்கு 40 நானோநொடி வேண்டும். மாற்றமோ ஏறத்தாழ 10 நானோநொடிக்கு ஒருமுறை நிகழ்ந்தது. நானோநொடி என்பது நொடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. அங்கும் வரம்பு மீறப்பட்டது. 2022ஆம் ஆண்டிற்குரிய இயற்பியல் நோபல் பரிசு கிளாசர், ஆஸ்பே, ஆஸ்திரிய நாட்டு ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் வழங்கப்பெற்றது.

வழக்குத் தீர்ந்த பின்னர், இவ்விணைகளால் உலகிற்குப் பயன் உண்டா என்னும் வினா எழுந்தது. பயன் உண்டு. தொலைவிலுள்ள இருவர் பின்னிய இணைகளைப் பகிர்ந்துகொண்டால், பிறர் ஒட்டுக்கேட்பின் தடயம் தோன்றிவிடும் மறைகுறியை அமைக்கலாம். தனித்தனியே உள்ள நுண்கருவிகளை ஒன்றாய் இணைக்கலாம். ஆனால், இணைகளைத் தொலைவிற்கு அனுப்புதல் அரிது. கண்ணாடி இழையில் ஒளி செல்லும்போது, மிகச் சிறந்த இழையிலும் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்குப் பாதி அழிந்துபோகும். 100 கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒன்றே எஞ்சும். சாதாரணச் செய்தியாயின் இடையிடையே வலுவூட்டிப் படியெடுத்து அனுப்பலாம். ஒற்றை ஒளித்துகளின் அறியாத நிலையைப் படியெடுத்தல் இயற்கையில் இயலாது என்பது 1982ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

இதற்கு மாற்றாக அறிஞர் ஒரு வழி கண்டனர். நெடுந்தொலைவைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றிலும் ஓர் இணையைப் பகிர்தல் வேண்டும். அடுத்தடுத்த இணைகளைச் சங்கிலிக் கண்ணிகளைப் போல இடைநிலையங்களில் கோத்தல் வேண்டும். ஆனால், எல்லாக் கண்ணிகளும் ஒரே கணத்தில் அமைவதில்லை. முன்னே அமைந்தது பின்னே அமைவதற்காகக் காத்திருத்தல் வேண்டும். ஓடுதலையே இயல்பாக உடைய ஒளியைக் காத்திருக்கச் செய்வது எங்ஙனம்? அதனை அணுக்களில் தங்க வைத்தலே வழி. 2001ஆம் ஆண்டில் ஹார்வர்டில், சூடான ருபீடிய ஆவியில் ஒளித்துடிப்பின் நிலையைப் பதித்து, நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு வரை வைத்து, மீண்டும் ஒளியாக வெளிப்படுத்தினர். அவ்வாண்டிலேயே டுவான், லூக்கின், சிராக், சோலர் என்னும் நால்வர், அணுத்திரள்களைக் கொண்டு இடைநிலையம் அமைக்கும் முறையை வகுத்தனர்.

இங்கேதான் ஒளித்துகளின் தூய்மை வேண்டப்படுகின்றது. ஒரே சுருதிக்குக் கூட்டிய இரு வீணைகளுள் ஒன்றை மீட்டினால் மற்றதன் நரம்பும் அதிரும். சுருதி சிறிது பிறழினும் அதிராது. அணுவும் அத்தகையது. தனக்குரிய அதிர்வெண்ணுடைய ஒளியையே ஏற்கும். ருபீடிய அணு ஏற்கும் செவ்வொளி ஒன்றின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 384 இலட்சம் கோடி. அதில் அணு பொறுத்துக்கொள்ளும் பிறழ்ச்சி ஏறத்தாழ 60 இலட்சமே. அஃதாவது 6 மெகாஹெர்ட்சு. ஆறு கோடியில் ஒரு பங்கு என்னும் அத்துணைக் குறுகிய வாயில் அது! இவ்வளவை நிறமாலை வரியின் இயற்கை அகலம் என்பர்.

ஒளியிணைகளைப் பெறப் பிற்காலத்தில் பெருவழக்காய் வந்தவை படிகங்கள். லேசர் ஒளியைச் சிலவகைப் படிகங்களுட் செலுத்தினால், அரிதாக ஓர் ஒளித்துகள் மறைந்து இரு துகள்கள் தோன்றும். படிகம் கையாளுதற்கு எளிது. இணைகளையும் மிகுதியாகத் தரும். ஆனால், அவ்விணைகளின் வரியகலம் பெரும்பாலும் இலட்சம் மெகாஹெர்ட்சு அளவினதாகவும் அதற்கு மேற்பட்டதாகவும் இருக்கும். அத்தகைய துகளை அணுவிற் செலுத்துதல், ஊசியின் காதில் வடக்கயிற்றை நுழைத்தல் போலாகும். படிகத்தை இரு ஆடிகளுக்கு இடையே வைத்து அகலத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. எனினும், அணுவிற்கு ஏற்ற ஒளியை அணுவே பெற்றுத் தருதல் இயல்பான வழியன்றோ?

அகலம் குறுகுதற்கும் துகளின் நீட்சிக்கும் ஓர் உறவு உண்டு. யாழின் நரம்பை மீட்டி நெடிது ஒலிக்கவிட்டால் அதன் சுருதி ஐயமின்றி விளங்கும், மீட்டியவுடன் விரலால் அடக்கினால் வெறும் தட்டோசையே கேட்கும், சுருதி விளங்காது. ஒளிக்கும் இஃது ஒக்கும். படிகத்திற் பிறக்கும் துகள் மிகக் குறுகிய காலமே நீடிப்பது; அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெரும்பாலும் அமையும். அணுவாவியிற் பிறக்கும் துகளோ 100 நானோநொடி நீடிப்பதும் உண்டு. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும். ஆதலின், அத்துகளின் நீளம் 30 மீட்டர். ஒரு தேரின் வடம் போல நீண்ட ஒற்றைத் துகள்!

இத்தகைய துகள்களைப் பெறப் பயன்படும் ருபீடியம், 1861ஆம் ஆண்டில் செருமானிய அறிஞராகிய புன்சன், கிர்க்காஃப் இருவரும் நிறமாலையின் வழியே கண்டறிந்த உலோகம். அதன் செந்நிற வரிகளே அதற்குப் பெயர் தந்தன. 39 பாகை வெப்பத்திலேயே அஃது உருகும். சிறு கண்ணாடிக் கலத்தில் அதனை இட்டு 60 பாகை அளவிற்குச் சூடேற்றினால், ஒரு கன சென்டிமீட்டரில் பல்லாயிரங்கோடி அணுக்கள் ஆவியாய் நிறையும். அணுவின் எலக்ட்ரானுக்கு அடியில் அருகருகே இரு படிகளும், அவற்றிற்கு மேலே உயர்படியும் உள்ளன. அணுக்களை முதலில் ஓர் அடிப்படியில் நிறுத்தி, லேசர்க் கற்றை ஒன்றைச் செலுத்துவர். எப்பொழுதேனும் ஓர் அணு அக்கற்றையின் துகள் ஒன்றை வேறு அதிர்வெண்ணிற் சிதறடித்து, மற்றோர் அடிப்படியிற் சென்று தங்கும். இச்சிதறல், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் கண்ட இராமன் விளைவின் வகையினது. பல்லாயிரங்கோடி அணுக்களுள் எதுவோ அதனைச் செய்தது. எது என்பதை அறிய இயலாது. ஆதலின், அந்நினைவு ஆவி முழுவதிலும் பரவி நிற்கும். பின்னர் இரண்டாம் லேசர்க் கற்றை அணுவை மேலேற்ற, அஃது இரண்டாம் துகளை உமிழ்ந்து பழைய படிக்கே திரும்பும். புகுந்த துகள்கள் இரண்டு. பிறந்த துகள்கள் இரண்டு. பிறந்தவற்றின் அதிர்வெண்கள் தனித்தனியே சிறிது மாறினும், அவற்றின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஒன்று சிறிது கூடினால் மற்றொன்று அவ்வளவே குறையும். இதுவும் பின்னலின் ஒரு வகை. இரண்டாம் கற்றை வேறொரு தொண்டும் செய்கின்றது. ஒளிபுகாத ஆவியில் அது மிகக் குறுகிய ஒரு தெளிவாயிலைத் திறக்கின்றது. அவ்வாயில் வழியே இரண்டாம் துகள் மெல்ல ஊர்ந்து நீண்டு வெளிப்படுகின்றது.

ஆயினும், சூடான ஆவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதன் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறப்பன. நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதைப் போல, பறக்கும் அணுக்களின் ஒளியும் உயர்ந்து தாழும். இதனை டாப்ளர் விளைவு என்பர். இதனால் 6 மெகாஹெர்ட்சு அகலம் ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்சாக விரியும். இக்குறையை நீக்க விரும்பினோர், லேசரால் அணுக்களின் ஓட்டத்தைத் தணித்து, குளிர்ந்த அணுத்திரளைப் படைத்தனர். 2005ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் ஹாரிசு குழுவினர் அத்தகைய குளிர்ந்த ருபீடியத்தில் தெளிவாயிலைப் பயன்படுத்தி ஒளியிணைகளைப் பெற்றனர். ஆனால், குளிர்விக்க உயர்ந்த வெற்றிடமும், பல லேசர்களும், காந்தச் சுருள்களும் வேண்டும். குளிர்வித்தலும் இணையீனலும் மாறி மாறி நிகழ்தலின் பணியும் இடையறும்.

சூடான ஆவியிலேயே குறையை வெல்லும் வழி ஒன்று உண்டு. ஓடும் வண்டியில் இரு நாதசுரங்கள் ஒலிப்பதாகக் கொள்வோமாயின், வண்டி நெருங்குங்கால் இரண்டின் சுருதியும் ஒருங்கே உயரும். அவற்றிற்கு இடையேயுள்ள இசையுறவு கெடாது. அதுபோல, இரண்டாம் லேசரும் அதனோடு பிறக்கும் துகளும் ஒரே திசையிற் செல்லுமாறு அமைத்தால், பறக்கும் அணுவிற்கு இரண்டும் ஒருங்கே மாறும். வேறுபாடு ஏறக்குறைய மாறாதிருக்கும். தெளிவாயில் சார்ந்து நிற்பது அவ்வேறுபாட்டையே. மற்றோர் இடர், அணுக்கள் கலத்தின் சுவரில் மோதித் தம் நிலையை இழத்தல். சுவரின் உட்புறத்தில் மெழுகு வகையாகிய பாரபின் பூசினால், மோதிய அணுவும் நிலை கெடாது திரும்பும். லேசரின் மிகுதியொளி துகளை மறைத்தலும் ஓர் இடரே. அதனை நீக்க நுண்ணிய வடிகட்டிகளை அமைப்பர். இம்முறைகளைக் கைக்கொண்டு, 2016ஆம் ஆண்டில் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர், 63 பாகைச் சூட்டில் இருந்த ருபீடிய ஆவியில், இயற்கை அகலத்தினும் குறுகிய, ஏறத்தாழ 2 முதல் 3 மெகாஹெர்ட்சு அகலமுடைய இணைகளைப் பெற்றனர். கொதிக்கும் நீரினும் குறைந்த சூட்டில், உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் கலம் ஒன்று அவ்வரும்பணியை இடையறாது செய்தது.

செய்ய வேண்டுவன இன்னும் பல. ருபீடியத்தின் செவ்வொளி கண்ணாடி இழையில் விரைவில் தேய்ந்துபோகும். இழைக்கு ஏற்ற நெடிய அலையாக அதனை மாற்றுதல் வேண்டும்; அன்றேல், 1,529 நானோமீட்டர் ஒளியை உமிழவல்ல ருபீடியத்தின் வேறு படிகளைப் பயன்படுத்துதல் வேண்டும். கால்சியம் அன்று காட்டிய இருபடி அருவியே இங்கு மீண்டும் துணை நிற்கின்றது.

பயனற்ற வாதம் எனப் பலர் ஒதுக்கிய வினா ஒன்று இத்துணை வளர்ந்துள்ளது. வினா எழுப்பிய ஐன்ஸ்டைன் தம் வாழ்நாளில் விடை காணவில்லை. விடை கண்டவர் தாம் விரும்பிய விடையைப் பெறவில்லை. ஆயினும், இருவர் உழைப்பும் வீண்போகவில்லை. தம் கருத்து வெல்ல வேண்டும் என்பதினும் மெய் விளங்க வேண்டும் என்பதையே பெரிதாகக் கொள்ளுதல் கற்றோர்க்கு அணி. இயற்கை எதனைக் கூறினும் அதனைக் கேட்கும் செம்மை உடையார்க்கே அது தன் மறைபொருளைத் திறந்து காட்டும்.